வார்டு தேர்தலில் தோற்ற அண்ணா

உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரே பேச்சுத்தான். கட்சி சீட் கொடுக்குமா? கொடுக்காவிட்டால் சுயேச்சையாக நிற்கலாமா? ஜமாஅத் ஆதரவு இருந்தால் போதுமா? இத்தனைக்கும் பிறகு, தோற்றுவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாதே என்று யாராவது ஒருவர் சொல்வார். அத்தோடு நல்ல வேட்பாளர் ஒருவர் வீட்டுக்குள் போய்விடுவார்.

அறிஞர் அண்ணா முதன்முதலில் வேட்பாளராக நின்றது சட்டமன்றத்திற்கு அல்ல, நாடாளுமன்றத்திற்கும் அல்ல. சென்னை மாநகராட்சியில் ஒரு வார்டு உறுப்பினர் பதவிக்குத்தான் நின்றார். ஆண்டு 1936, இடம் பெத்துநாயக்கன்பேட்டை. அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் பலரும் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1967-ல் கோட்டைக்குள் நுழைந்த அண்ணாவைத் தெரிந்த அளவுக்கு, பெத்துநாயக்கன்பேட்டையில் தோற்ற அண்ணாவை நமக்குத் தெரியாது.

காஞ்சிபுரத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று நடராசன், பங்காரு அம்மாள் தம்பதியருக்குப் பிறந்தவர் அண்ணாதுரை. செங்குந்தர் நெசவுக் குடும்பம். அவரை வளர்த்து ஆளாக்கியவர், அவர் தொத்தா என்று அழைத்த இராசாமணி அம்மாள். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த எளிய வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

அந்தக் காலக் காஞ்சிபுரத்தைப் புரிந்துகொள்ளப் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குப் போக வேண்டும். கைலாசநாதர் கோயிலை ஒட்டிய இந்தப் பகுதி நெசவாளர் பகுதி. வீட்டுக்குள்ளேயே குழித்தறி, தெருவில் பாவு நீட்டி முறுக்கேற்றுவார்கள். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இருவர் உட்கார வேண்டும், பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கும். பட்டும் ஜரிகையும் வியாபாரி கொடுப்பது, கூலி மட்டுமே நெய்பவருக்கு. மழை பெய்தால் பாவு நனையும், வேலை நின்றுபோகும். தெருவில் தண்ணீர் தேங்கினால் தறிக்குழிக்குள்ளும் ஈரம் ஏறும். ஆகவே வடிகால், விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் நெசவாளருக்கு வசதி மட்டும் அல்ல, பிழைப்பும் அவற்றோடு சேர்ந்ததுதான். நகராட்சி என்ற ஒன்று ஏழையின் வயிற்றோடு எவ்வளவு நெருக்கமானது என்று அறிய இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

ஆனால் அந்த நகராட்சியில் உட்கார்ந்தவர்கள் யார்? காஞ்சிபுரம் 1866-லேயே நகராட்சி ஆகிவிட்ட ஊர். ஆங்கிலேயர் காலத்து நகரசபைகளில் வரி கட்டுவோர், சொத்து உள்ளோர் பெயர்கள்தான் வாக்காளர் பட்டியலில் ஏறும். வேட்பாளர்களும் அதே வட்டத்தினர்தான்: வக்கீல், மிராசுதார், மொத்த வியாபாரி. கட்சியின் பெயரைவிட ஆளின் பெயருக்குத்தான் மதிப்பு. தேர்தலுக்கு அப்பால் அரசாங்கமே சிலரை நியமிக்கும் வழக்கமும் இருந்தது. கட்சி சார்பற்ற மன்றம் என்று கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஊரைப் பார்த்துக்கொள்கிறார்கள், அரசியல் எதற்கு என்று சொல்லலாம். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சொத்து இல்லாதவருக்கு அந்த மன்றத்தில் குரலே கிடையாது.

இந்த நகராட்சியை அண்ணா உள்ளிருந்தே பார்த்தார். காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்து முடித்தவர், குடும்பத்தின் வறுமையால் மேலே படிக்க முடியாமல் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். சில காலம்தான் அந்த வேலை. வரிப் பட்டியலும் மனுவும் கோப்புமாக இருக்கும் அலுவலகத்தில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இளைஞர் அவர். பின்னாளில் முதலமைச்சராகக் கோப்புகளில் கையெழுத்திட்டவர் முதலில் சம்பளத்துக்குக் கோப்பு எழுதியவர் என்பது அவருடைய பேச்சிலும் எழுத்திலும் தெரியும். ஏழையின் மனு எந்த மேசையில் தூங்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருக்கும்போதே 1930-ல் ராணி அம்மையாருடன் திருமணம். பொருளாதாரமும் அரசியலும் படித்து 1934-ல் பட்டப்படிப்பை முடித்தார். அதே ஆண்டு திருப்பூரில் நடந்த செங்குந்த இளைஞர் மாநாட்டில் தந்தை பெரியாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு அரசாங்க உத்தியோகம் அவருடைய எண்ணத்திலிருந்தே போய்விட்டது. நெசவுக் குடும்பத்தில் பிறந்து கல்லூரியில் படித்துத் தேறிய பிள்ளை உத்தியோகத்தை உதறினால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

நீதிக்கட்சியில் அப்போது அவருடைய வேலை, அந்தக் கட்சியின் பெரிய மனிதர்கள் ஆங்கிலத்தில் பேசுவதை மேடையில் தமிழாக்கிச் சொல்வது. ராஜாக்களும் ஜமீன்தார்களும் சர் பட்டக்காரர்களும் நிறைந்த கட்சி அது. அவர்கள் பேசியதைவிட அண்ணா தமிழில் சொன்னது நன்றாக இருந்தது என்று கூட்டம் நினைக்கத் தொடங்கியபோதுதான் அந்த மெலிந்த, குள்ளமான இளைஞரைக் கட்சி கவனித்தது. 1936-ல் சென்னை மாநகராட்சித் தேர்தல் வந்தது. பெத்துநாயக்கன்பேட்டையில் நீதிக்கட்சி அவரை நிறுத்தியது.

ஜார்ஜ் டவுனை ஒட்டிய அந்தப் பகுதி கடைகளும் கிடங்குகளும் அச்சகங்களும் நெருக்கமான சந்துகளும் கொண்டது. அண்ணாவோ காஞ்சிபுரத்துக்காரர். கையில் பணம் இல்லை, அந்தத் தெருக்களில் சொத்து இல்லை, சொந்தபந்தமும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் பேச்சு ஒன்றுதான். எதிரில் நின்றது காங்கிரஸ்.

அந்த ஆண்டு காங்கிரசின் காற்று எப்படி அடித்தது என்பதை மறுவருடமே நாடு பார்த்தது. 1937 சட்டமன்றத் தேர்தலில் மஞ்சள் பெட்டியில் வாக்குகள் வந்து குவிந்தன. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 159 காங்கிரசுக்குப் போயின. நீதிக்கட்சியின் பெரும்புள்ளிகளே மண்ணைக் கவ்வினார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, அந்தக் காற்றின் முதல் வீச்சில் அண்ணா விழுந்தார்.

காற்றை மட்டும் குறை சொல்வது சரியல்ல என்றே நான் கருதுகிறேன். வார்டு தேர்தல் ஒரு தனி ஜாதித் தேர்தல். சட்டமன்றத்துக்குக் கொள்கை பேசி ஓட்டுக் கேட்கலாம். வார்டில் வாக்காளர் கேட்கும் கேள்வி வேறு: என் வீட்டுக்கு எதிரில் சாக்கடை அடைத்தால் இரவு பத்து மணிக்கு உன் கதவைத் தட்டலாமா? அந்தக் கேள்விக்கு, வெளியூரிலிருந்து வந்து கட்சியால் நிறுத்தப்பட்ட இளைஞரிடம் பதில் இல்லை. மேடையில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் இல்லை. அதுமட்டுமல்ல, நீதிக்கட்சிக்குத் தெருவில் ஆட்களே இல்லை. தலைவர்கள் மாளிகையில் இருந்தார்கள், தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் கார் வரும். அண்ணா அந்தக் கட்சியின் நோயை உள்ளபடி கண்டது அநேகமாக இந்தத் தேர்தலில்தான். அதற்குப் பிறகு அவர் கட்சியில் செய்ய முயன்ற ஒவ்வொன்றும் அந்த நோய்க்கான மருந்தாகவே இருக்கிறது.

தோற்றவர் ஊர் திரும்பி வேறு வேலை பார்த்திருக்கலாம். படிப்பு இருந்தது, ஆங்கிலம் இருந்தது. அவர் விடுதலை, குடி அரசு ஏடுகளில் எழுதப் போனார். 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றார். 1942-ல் காஞ்சிபுரத்திலிருந்தே திராவிட நாடு வார இதழைத் தொடங்கினார். நாடகம் எழுதினார், நடிக்கவும் செய்தார். நல்லதம்பி, வேலைக்காரி, ஓர் இரவு என்று அவர் பெயர் திரைக்கும் போனது. இவை எல்லாம் தெரிந்த கதைகள், நீட்டவில்லை.

1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில் நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நீதிக்கட்சி அங்கேதான் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. அண்ணாதுரை தீர்மானம் என்று இன்றும் அழைக்கப்படும் தீர்மானம், வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் நியமனப் பதவிகளையும் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும் என்றது. பட்டம் என்றால் சர், ராவ் பகதூர், திவான் பகதூர். நியமனம் என்றால், மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் அரசாங்கத்தின் தயவில் கிடைக்கும் நாற்காலி. எட்டு ஆண்டுகளுக்கு முன் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டுத் தோற்ற ஒருவர், ஓட்டே கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து எழுந்திருங்கள் என்றார். பலர் எழுந்திருக்கவில்லை, கட்சியை விட்டுப் போனார்கள். அவர்கள் போனது கட்சிக்கு நல்லதாகத்தான் முடிந்தது.

1949 செப்டம்பரில் பெரியாரைப் பிரிந்து, வட சென்னை ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. அந்தக் கட்சி வளர்ந்த இடங்கள் மாளிகைகள் அல்ல. படிப்பகம், தேநீர்க் கடை, முடிதிருத்தும் நிலையம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஏட்டை உரக்க வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். பெத்துநாயக்கன்பேட்டையில் நீதிக்கட்சிக்கு இல்லாமல் போன தெரு ஆட்கள் இப்படித்தான் உருவானார்கள். 1953-ல் கைத்தறி நெசவாளர்கள் துணி விற்காமல் பட்டினியில் கிடந்தபோது, அண்ணாவும் கழகத்தாரும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். தேர்தல் எதுவும் அப்போது பக்கத்தில் இல்லை. பிள்ளையார்பாளையம் போன்ற இடங்களில் இதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

தேர்தலில் நிற்கும் விஷயத்தில் அவர் அவசரப்படவில்லை. 1952 பொதுத்தேர்தலில் கழகம் நிற்கவில்லை. நிற்கலாமா என்ற கேள்வியை 1956-ல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களிடமே விட்டார். சிவப்புப் பெட்டி, கறுப்புப் பெட்டி என்று இரண்டு வைத்து, வந்தவர்கள் சீட்டுப் போட்டு முடிவு சொன்னார்கள். நிற்க வேண்டும் என்ற பெட்டி நிறைந்தது. ஒரு கட்சி தன் சொந்தத் தொண்டனிடம் ஓட்டுக் கேட்ட பிறகுதான் ஊரிடம் ஓட்டுக் கேட்டது.

1957-ல் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். அப்போது கழகத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. ஆகவே காகிதத்தில் பார்த்தால் அண்ணாவும் ஒரு சுயேச்சை வேட்பாளர்தான். அன்றைய முறையில் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். இந்த முறை வரி கட்டாதவருக்கும் ஓட்டு உண்டு. தறியில் இரண்டாவது ஆளாக உட்கார்ந்த பிள்ளையும் வயது வந்திருந்தால் வாக்காளர், அவன் தாயும் வாக்காளர். அண்ணா வென்றார். அவரோடு சேர்த்துக் கழகத்தார் 15 பேர் சட்டமன்றம் போனார்கள்.

ஆனால் 1967-க்கான படிக்கட்டு எது என்று கேட்டால், 1957-ஐவிட 1959-ஐத்தான் நான் சொல்வேன். அந்த ஆண்டு சென்னை மாநகராட்சித் தேர்தல். அண்ணா இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தோற்ற அதே மாமன்றம். இப்போது 100 இடங்களில் 45 கழகத்துக்கு வந்தன. தனிப்பெரும் கட்சி. அ.பொ. அரசு மேயரானார். களத்தில் ஓடியாடி வேலை செய்த கலைஞர் கருணாநிதிக்கு அண்ணா கணையாழி அணிவித்தது இந்த வெற்றிக்காகத்தான். மேடைப் பேச்சும் சினிமாவும்தான் கழகத்தைக் கொண்டுவந்தன என்று பேசுகிறவர்கள் இந்த நாற்பத்தைந்து வார்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கதவு கதவாகப் போகாமல் ஒரு வார்டுகூட விழாது. குழாயடிச் சண்டையிலிருந்து குப்பைத் தொட்டி வரை பேசத் தெரிந்த உறுப்பினர்கள் நாற்பத்தைந்து பேர் தலைநகரில் ஒரே நாளில் கிடைத்தார்கள். கோட்டைக்குப் போவதற்கு முன் கழகம் ரிப்பன் கட்டிடத்தில்தான் நிர்வாகத்தைப் பழகியது.

அடுத்து வந்தது 1962. கழகத்துக்கு 50 இடங்கள் கிடைத்தன, ஆனால் தலைவர் தோற்றார். தன் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில், பேருந்து அதிபரான எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோற்றார். 1957-ல் வென்றவர்களை இந்த முறை ஒருவரையும் விடக்கூடாது என்று காங்கிரஸ் குறிவைத்து வேலை செய்தது. பணம் விளையாடியது என்று கழகத்தார் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். எப்படியோ, ஊர்க்காரனை ஊரே தோற்கடித்தது. 1936-ல் அவர் வெளியூர்க்காரர் என்றாவது ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்த ஆறுதலும் இல்லை.

அவர் ஊரைத் திட்டவில்லை. அந்த ஐம்பது உறுப்பினர்களின் வாக்கால் மாநிலங்களவைக்குப் போனார். அங்கே அவருடைய ஆங்கிலப் பேச்சை டில்லி வியந்து கேட்டது. சீனப் போர் வந்தபோது கழகத்தின் கிளர்ச்சிகளை நிறுத்திவைத்தார். 1963-ல் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். தோல்வி தந்த இடைவெளியில்தான் அவர் மாகாணத் தலைவர் என்ற அளவிலிருந்து இந்தியத் தலைவர் என்ற அளவுக்கு உயர்ந்தார். இது அல்லாஹ்வின் ஏற்பாடு என்று நாம் சொல்வோம். அண்ணா வேறு சொல்லால் சொல்லியிருப்பார்.

நம் சமுதாயத்தோடு அவருக்கு இருந்த உறவும் இங்கே வருகிறது. மீலாது மேடைகளில் அண்ணா பேசினால் திடல் நிறையும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வையும் இஸ்லாம் சொல்லும் சமத்துவத்தையும் ஒரு பகுத்தறிவுவாதியின் நாவிலிருந்து கேட்பது நம் முன்னோருக்குப் புதிய அனுபவமாக இருந்தது. காஞ்சிபுரத்தில் ஒலிமுகமது பேட்டை என்றே ஒரு பகுதி உண்டு. அந்த ஊரில் வளர்ந்தவருக்கு முஸ்லிம் அண்டை வீட்டார் புதியவர்களாக இருந்திருக்க முடியாது. ஆனால் உறவு மேடையோடு நின்றிருந்தால் அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அதற்கு ஓட்டுக் கணக்கும் காரணம், அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

1937-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முஸ்லிம்களுக்கு 28 தனித் தொகுதிகள் இருந்தன. அங்கே முஸ்லிம் வேட்பாளர் முஸ்லிமிடம் மட்டும் ஓட்டுக் கேட்டால் போதும். நாடு விடுதலை பெற்றதும் அந்த ஏற்பாடு போயிற்று. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அரசியல் நிர்ணய சபையில் தனித் தொகுதிக்காக வாதாடினார், சபை ஏற்கவில்லை. அதன் பிறகு முஸ்லிம் வேட்பாளரும் எல்லோரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டியவரானார். 1948-ல் சென்னையில் பிறந்த இந்திய யூனியன் முஸ்லிம் லீகைப் பிரிவினைப் பழி சொல்லிப் பெரிய கட்சிகள் தள்ளியே வைத்தன. தள்ளி வைக்கப்பட்ட வேட்பாளரின் நிலை அண்ணாவுக்கு அனுபவத்தில் தெரியும். 1967-ல் ராஜாஜியின் சுதந்திரா கட்சியோடும் காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீகோடும் அவர் கைகோத்தார். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத கொள்கைகள்தான். ஆனாலும் தொகுதிப் பங்கீடு என்ற மேசையில் முஸ்லிம் லீகுக்கு ஒரு நாற்காலி போட்டவர் அண்ணா. நம்மைக் கூட்டணிக்கு அழைப்பதும் நம் சின்னத்துக்கு அடுத்தவர் ஓட்டுக் கேட்பதும் இன்று சாதாரணமாகத் தெரிகிறது. அன்று அது சாதாரணம் அல்ல.

அந்தத் தேர்தலில் அண்ணா தென் சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். சட்டமன்றத்தில் கழகம் பெரும்பான்மை பெற்றதும் அந்த இடத்தை விட்டுவிட்டு, 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சரானார். மேலவை வழியாகச் சட்டமன்றத்துக்குள் வந்தார். ஒன்பது பேர் கொண்ட அந்த அமைச்சரவையில் எஸ்.ஜே. சாதிக் பாட்சாவும் ஒருவர். பதவி ஏற்பதற்கு முன், தேர்தலில் தம்மை எதிர்த்த பெரியாரைத் திருச்சிக்குப் போய்ப் பார்த்தார். அதே தேர்தலில் விருதுநகரில் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். கட்சிக்காரர்கள் வெடி வெடித்தார்கள். அண்ணா அந்தச் செய்தியில் மகிழவில்லை, வருத்தப்பட்டார் என்பதை உடனிருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நான் இதைப் பெருந்தன்மை என்று மட்டும் பார்க்கவில்லை. சொந்த ஊரில் தோற்றவனின் காலை எப்படி விடியும் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்தான் அவர் பார்த்திருந்தார்.

ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றார். இருமொழிக் கொள்கையைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. புற்றுநோய்க்கு அமெரிக்கா வரை சென்று மருத்துவம் பார்த்தும் பலன் இல்லாமல், 1969 பிப்ரவரி 3 அன்று தமது 59 வயதில் காலமானார். மெரினாவை நோக்கிச் சென்ற அந்த இறுதி ஊர்வலத்தின் கூட்டம் உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. எந்த மாமன்றத்தில் அண்ணா 1936-ல் தோற்றாரோ, எதில் அவர் கட்சி 1959-ல் வென்றதோ, அந்தச் சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது அவர் தொடங்கிய கட்சி. அதற்குப் பிறகு அவர் பெயரைக் கொண்ட இன்னொரு கட்சியும் ஆண்டது. 1996 வரை சென்னையில் வார்டு தேர்தல் நடக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள், தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க வாக்காளருக்குத் தான் தேர்ந்தெடுத்த உறுப்பினர் என்று ஒருவர் இல்லாமல் தலைநகர் நடந்தது. மாநிலமெங்கும் இதே கதை மறுபடியும் நடந்தது: 2016-ல் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. அண்ணாவின் படத்தை மேடையில் வைத்துக்கொண்டே இரண்டு தரப்பும் இதைச் செய்தன.

கிராம ஊராட்சியில் மட்டும் நம் மாநிலத்தில் இன்றும் கட்சிச் சின்னம் கிடையாது. வார்டு உறுப்பினரும் தலைவரும் ஆளாகத்தான் நிற்க வேண்டும். நகராட்சியிலும் மாநகராட்சியிலும் கட்சிச் சின்னம் உண்டு, சுயேச்சைக்கும் இடம் உண்டு. அண்ணா எழுத்தராக இருந்த காஞ்சிபுரம் நகராட்சி 2021-ல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டு, மறு ஆண்டு அதன் 51 வார்டுகளுக்கு முதல் மாமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களும் ஒலிமுகமது பேட்டைக்காரர்களும் அந்த வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள், வரி ரசீது காட்டாமலே.